கழற்றும் வரிசை

மேட்டூர் திறந்து நாலாம் நாள்.
தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டது என்றார்கள் ஃபோனில்.
எனக்கு இரண்டு நாள் இருக்கிறது.

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் நான் லஸ்கர்.
வெண்ணாறு வந்து மூன்றாகப் பிரிகிற இடத்தில்
ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது,
மட்டம் பார்த்து நோட்டில் எழுதுவது.
துருப்பிடித்த திருகுக்கு நான் பயப்படுகிறவனில்லை
என்று நினைத்துத்தான்
கொரடாச்சேரி பக்கம் செங்கல் சூளையில்
தார்ப்பாய்க்கடியில் கிடந்த ஜாவாவை
பதினெட்டாயிரத்துக்கு வாங்கினேன்.
அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி.
என்னைவிட ஏழு வயது மூப்பு.

முதலில் டேங்க்.
பிறகு கார்புரேட்டர்: உள்ளே
குளவி கட்டிய மண்கூடு,
அதற்குள் காய்ந்த பச்சைப்புழு நாலு.
இரண்டு சைலன்ஸரிலும் தவிடு.
யார் கொட்டியது, எதற்கு, தெரியவில்லை.

டைனமோவிலிருந்து மூன்று ஒயர் வந்தது.
மூன்றும் ஒரே நிறம், வண்டல் நிறம்.
பெயர் தெரியாததை எப்படிக் கழற்றுவது?
பிளாஸ்திரி கிழித்துச் சுற்றி
பேனாவால் எழுதினேன்:
வெண்ணாறு. கோரையாறு. பாமணியாறு.
அதற்கப்புறம் கை நடுங்கவில்லை.

நீளப் போல்ட்டு ஒன்றுதான் அசையமாட்டேன் என்றது.
டீசல் விட்டேன். தேங்காயெண்ணெய் விட்டேன்.
ஸ்பானரில் பைப்பைச் செருகித் தொங்கினேன்;
என் முட்டியில் தோல் உரிந்தது.
எப்போதோ எவனோ
தலை மழுங்க மழுங்க அடித்து இறக்கியிருக்கிறான்.
அன்றைக்கு அவனுக்கு என்ன அவசரமோ.
ஊறட்டும் என்று விட்டுப் படுத்தேன்.
காலையில் ஒரு தட்டு,
ஆடுகிற பல்லைப் போல வந்துவிட்டது.

டூட்டி முடித்து குஞ்சிதபாதம் வந்தான்.
ஒன்றரைச் சிப்பம் அரிசியின் கனம்.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.
"சாய்டா... இல்ல, என் பக்கம்... விரலு, விரலு!"
சட்டத்தில் இடித்து, திரும்பி,
ஒரு கணம் முரண்டு பிடித்து
வந்தது.
சாக்கின் மேல் உட்கார்ந்த எஞ்சின்
வண்டிக்குள் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது.
வண்டியோ வெறும் கம்பி;
அதன் வழியே கொல்லை வாழை தெரிந்தது.

நாலு பக்கமும் படம் எடுத்தேன்.
டீ வந்தது.
இரண்டாவது மடக்கில்தான்
பல்சக்கரத்து நட்டு கண்ணில் பட்டது.

எஞ்சின் சட்டத்தில் இருக்கும்போதே,
செயின் மாட்டியிருக்கும்போதே,
பின்பிரேக்கை மிதித்து அதைத் தளர்த்திவிட வேண்டும்.
பிறகுதான் இறக்க வேண்டும்.
தெரியாமல் இல்லை. எழுதியே வைத்திருந்தேன்,
மட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில், மூன்றாவது வரி.

தரையில் வைத்துத் திருகினால்
நட்டு நின்றது, எஞ்சின் சுற்றியது.
குஞ்சிதபாதம் தம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.
"தூக்கு" என்றான்.
வேறெதுவும் சொல்லாதது பெரிய மனசு.

எடுத்ததைவிட வைத்தது கஷ்டம்.
செயின் பூட்டை மாட்டுவதற்குள் உச்சி வெயில்.
வேம்பு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
சீட்டில்லாத வண்டியில் சாக்கை மடித்துப் போட்டு
ஏறி உட்கார்ந்தாள்.
"எங்க போறோம்?"
"மிதி."
"மன்னார்குடி வரைக்குமாவது சொல்லு."
"மிதி வேம்பு, மிதி"
பைப்பில் என் எடை முழுவதும்.
படீர்.
உடைந்தது எது என்று பார்த்தேன்.
எதுவும் இல்லை. நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது.
அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேயில்லை.

சாயங்காலம் ஃபோன்:
தென்பெரம்பூர் தாண்டிவிட்டதாம்.
போல்ட்டு இல்லாமல், கயிற்றில் கட்டி,
எஞ்சினை அதன் இடத்திலேயே விட்டுவிட்டேன்.

விடியலில் ஷட்டர் சக்கரத்தைப் பிடித்தால்
கை வழுக்கியது, டீசல் வாசனை.
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும்
முன்னால் தள்ளிக்கொண்டு
மணலை நனைத்தபடி வந்தது தண்ணீர்.
கோரையாற்றுக்கு இத்தனை, பாமணியாற்றுக்கு இத்தனை
என்று எழுத நோட்டைத் திறந்தேன்.
கடைசிப் பக்கம் வந்து விழுந்தது.
மூன்றாவது வரிக்கு ஒரு டிக் போட்டேன்.
நாலாவது வரியில் போட்டிருந்ததை
அடித்தேன்.